அடிகோளும் நிறுவலும்

கணித ஏரணத்தில் அடிகோள் என்பது நிறுவல் ஏதுமின்றித் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொள்ளப்படும் கூற்று ஆகும். அடிகோள்களிலிருந்து தொடங்கி, முன்னரே அறிவிக்கப்பட்ட உய்த்தறி விதிகளை மட்டும் பயன்படுத்தி, முடிவுறு எண்ணிக்கையிலான படிகளில் ஒரு கூற்றை வந்தடைதல் நிறுவல் எனப்படும். அவ்வாறு வந்தடைந்த கூற்று தேற்றம் ஆகும். ஆகவே ஒரு தேற்றம் உண்மை என்று சொல்லும்போது, "இன்ன அடிகோள்களை ஏற்றுக்கொண்டால்" என்ற நிபந்தனை எப்போதும் உடன் நிற்கிறது. வழக்கில் இந்நிபந்தனையைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். இத்துறையைப் பற்றி எழும் குழப்பங்களுள் பல இங்கிருந்தே தொடங்குகின்றன.

இந்நிபந்தனையின் முழுப்பொருளும் விளங்குவதற்குக் கணிதவியலாளர்களுக்கு 2000 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. விளங்கிய பின்னர், அதுவரை எவரும் தெளிவாகக் கேட்டிராத வினா ஒன்று எழுந்தது: ஒரு கூற்றை நிறுவ முடியாது என்பதையே நிறுவ முடியுமா? முடியும் என்பது கணித ஏரணத்தின் முதன்மையான கண்டுபிடிப்புகளுள் ஒன்று.

சொல் விளக்கம்

தமிழ்ப் பாடநூல்களில் அடிகோளுக்கு "வெளிப்படை உண்மை" என்ற சொல்லும் வழங்குகிறது. பழைய கருத்தை இச்சொல் சரியாகவே காட்டுகிறது. பண்டைய கிரேக்கர்கள், எவரும் மறுக்க இயலாதவாறு தாமே விளங்கும் உண்மைகளையே தொடக்கமாகக் கொள்ள வேண்டும் என்று கருதினர். இக்காலக் கணிதத்தில் அடிகோள் வெளிப்படையாக இருக்க வேண்டியதில்லை. எல்லா இடத்திலும் உண்மையாக இருக்க வேண்டியதுமில்லை. சதுரங்கத்தில் குதிரை எப்படி நகரும் என்பது உண்மையா பொய்யா என்று எவரும் கேட்பதில்லை. அது அந்த ஆட்டத்தின் விதி. அடிகோளும் ஓரளவுக்கு அத்தகையதே. எனினும் இவ்வுவமையை மிகவும் நீட்டக்கூடாது. கணிதவியலாளர்கள் அடிகோள்களைக் கண்மூடித்தனமாகப் பொறுக்கி எடுப்பதில்லை. எண், வெளி, கணம் ஆகியவற்றைப் பற்றி முன்பே அறிந்தவற்றை ஒழுங்குபடுத்தும் நோக்கிலேயே அவற்றைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

நிறுவல் என்பதற்கு நிரூபணம், மெய்ப்பித்தல் ஆகிய சொற்களும் உள்ளன. இக்கட்டுரையில் நிறுவல் என்ற சொல்லே கையாளப்படுகிறது.

சரிபார்த்தல் ஏன் போதாது

இயற்பியலில் ஒரு விதி ஆயிரம் ஆய்வுகளில் சரியாக வந்தால் அதை நம்புவதில் தவறில்லை. கணிதத்தில் இது போதாது என்பதற்குப் பகா எண்களிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம்.

ஓர் எண்ணுக்குக் கீழ் எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதைத் தோராயமாகத் தரும் மடக்கைத் தொகையீடு என்ற சார்பியம் உள்ளது. பத்து இலட்சத்துக்குக் கீழ் உள்ள பகா எண்கள் 78,498. இச்சார்பியம் தரும் மதிப்பு ஏறத்தாழ 78,628. இதேபோல அட்டவணையில் எங்கு பார்த்தாலும் சார்பியத்தின் மதிப்பே சற்று மிகுதியாக இருக்கும். இது எப்போதும் இப்படியே இருக்கும் என்று பலரும் எண்ணினர். 1914-இல் ஜான் லிட்டில்வுட் அவ்வாறு இல்லை என்றும், இரண்டும் முடிவிலித் தடவைகள் ஒன்றையொன்று முந்திச் செல்லும் என்றும் நிறுவினார். அவர் நிறுவி நூறாண்டுகளுக்கு மேலாகியும், எண்ணிக்கை சார்பியத்தை முந்தும் இடத்தை எவரும் நேரடியாகக் கணக்கிட்டுக் கண்டதில்லை. 1-ஐத் தொடர்ந்து 316 சுழிகள் கொண்ட எண்ணின் அருகே அத்தகைய இடம் ஒன்று உண்டு என்பது தெரியும். கணினியால் அவ்வளவு தொலைவுக்கு ஒவ்வொன்றாக எண்ணிச் செல்ல இயலாது. கோடிகோடியாகச் சான்றுகள் இருந்தும் கூற்று பொய். அதைக் காட்டியது நிறுவல் மட்டுமே.

இதே இடத்தில் சீனிவாச இராமானுசனும் சறுக்கினார். 1913 சனவரியில் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில், பகா எண்களின் எண்ணிக்கையை மிகச் சிறிய பிழையோடு தரும் வாய்பாடு தம்மிடம் இருப்பதாக அவர் குறிப்பிட்டிருந்தார். சிறிய எண்களுக்கு அது வியப்பூட்டும் அளவுக்குச் சரியாக வந்தது. ஆனால் ரீமன் சீட்டாச் சார்பியத்தின் கலப்பெண் சுழிகளை அது கணக்கில் கொள்ளவில்லை. எனவே பிழையின் அளவைப் பற்றி அவர் கூறியது தவறாயிற்று. இதைக் கொண்டு இராமானுசனின் உள்ளுணர்வைக் குறைத்து மதிப்பிடுதல் பொருந்தாது. அவருடைய குறிப்பேடுகளில் நிறுவலின்றி எழுதப்பட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகளுள் மிகப் பெரும்பாலானவை சரியானவை. அவற்றுக்கு நிறுவல்களைத் தொகுத்து புரூசு பெர்ண்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளை வெளியிட்டார். எவை சரி, எவை தவறு என்பது அவ்வுழைப்பின் வழியாகவே தெளிவாயிற்று.

நிறுவல் இருப்பதற்கு அடிகோள் முறை கட்டாயமன்று என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஏறத்தாழ 1530-இல் கேரளத்தில் சேட்டதேவர் மலையாளத்தில் இயற்றிய யுக்திபாசை, பை-க்கான மாதவரின் முடிவிலித் தொடர் முதலியவற்றுக்கு விரிவான விளக்க நிறுவல்களைத் தருகிறது. ஆனால் அது எந்த அடிகோள் பட்டியலிலிருந்தும் தொடங்குவதில்லை. படிப்பவர் ஒப்புக்கொள்ளும் இடத்திலிருந்து தொடங்கி, அவர் ஏற்கும் படிகளில் நடத்திச் செல்கிறது. "எங்கிருந்து தொடங்குகிறோம்" என்பதை வெளிப்படையாக எழுதி வைக்கும் பழக்கம் கிரேக்கத்திலிருந்து வந்தது.

யூக்ளிடும் ஐந்தாம் எடுகோளும்

கி.மு. 300 அளவில் யூக்ளிட் இயற்றிய "மூலங்கள்" என்ற நூல் 13 பகுதிகளைக் கொண்டது. அதன் தொடக்கத்தில் வரையறைகளும், ஐந்து எடுகோள்களும், ஐந்து பொதுக் கருத்துகளும் உள்ளன. முதல் நான்கு எடுகோள்கள் சுருக்கமானவை. இரு புள்ளிகளை இணைத்து ஒரு கோடு வரையலாம், செங்கோணங்கள் எல்லாம் சமம் என்பன போன்றவை அவை. ஐந்தாவது மட்டும் நீளமானது: இரு கோடுகளை வெட்டும் ஒரு கோடு, ஒரே பக்கத்தில் அமைக்கும் உட்கோணங்களின் கூடுதல் இரு செங்கோணங்களைவிடக் குறைவு எனில், அவ்விரு கோடுகளையும் நீட்டினால் அப்பக்கத்தில் அவை சந்திக்கும்.

இது ஓர் அடிகோளைப் போலன்றித் தேற்றத்தைப் போலவே ஒலிக்கிறது. யூக்ளிடுக்கும் தயக்கம் இருந்திருக்கலாம். முதற்பகுதியின் முதல் 28 தேற்றங்களில் அவர் இதைப் பயன்படுத்தவில்லை. மற்ற நான்கிலிருந்து இதை நிறுவிவிட வேண்டும் என்ற முயற்சி தாலமி, புரோக்கிளசு, இப்னு அல்-ஹைத்தம், ஓமர் கய்யாம், நசிருத்தீன் அல்-தூசி எனப் பல நூற்றாண்டுகள் தொடர்ந்தது. ஒவ்வொரு நிறுவலிலும் ஐந்தாம் எடுகோளுக்குச் சமமான வேறொரு கூற்று எங்கேனும் மறைந்திருந்தது. 1733-இல் இத்தாலியரான சக்கேரி, ஐந்தாம் எடுகோள் பொய் என்று கொண்டு முரண்பாட்டைத் தேடினார். அவருக்கு முரண்பாடு கிடைக்கவில்லை. விந்தையான தேற்றங்கள் வரிசையாகக் கிடைத்தன. இறுதியில் அவை கோட்டின் இயல்புக்குப் புறம்பானவை என்று கூறி முடித்துக்கொண்டார். ஒரு புதிய வடிவியலின் பெரும்பகுதியைக் கையில் வைத்துக்கொண்டே அதை ஏற்க மறுத்தவர் அவர் எனலாம்.

1829-இல் உருசியாவின் லோபசெவ்ஸ்கியும், 1832-இல் அங்கேரியின் போல்யாயும் அவ்வடிவியலைத் துணிந்து வெளியிட்டனர். அதில் முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் 180 பாகைக்குக் குறைவு. ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக அக்கோட்டைச் சந்திக்காத கோடுகள் பல உண்டு. ஆயினும் இதில் என்றாவது ஒரு நாள் முரண்பாடு வெளிப்படாது என்பதற்கு என்ன உறுதி? 1868-இல் பெல்ட்ராமி இதற்கு விடை தந்தார். யூக்ளிடிய வடிவியலுக்குள்ளேயே புதிய வடிவியலுக்கு ஒரு மாதிரியை அவர் அமைத்தார். எடுத்துக்காட்டாக, ஒரு வட்டத்தின் உட்புறத்தை மட்டும் "தளம்" என்றும், அதன் நாண்களைக் "கோடுகள்" என்றும் கொண்டு, தொலைவைத் தக்கவாறு மாற்றி வரையறுக்கலாம். அப்போது புதிய வடிவியலின் கூற்றுகள் எல்லாம் பழைய வடிவியலின் கூற்றுகளாக மாறிவிடுகின்றன. ஆகவே புதியதில் முரண்பாடு இருந்தால் யூக்ளிடிய வடிவியலிலும் முரண்பாடு இருந்தாக வேண்டும். இரண்டாயிரம் ஆண்டு முயற்சிகள் தோற்றது முயன்றவர்களின் திறன் குறைவால் அன்று. தேடிய நிறுவல் இல்லவே இல்லை.

யூக்ளிடின் நூலில் வேறொரு குறையும் இருந்தது. முதல் தேற்றத்திலேயே, இரு வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டுகின்றன என்று படத்தைப் பார்த்துக் கொண்டுவிடுகிறார். எந்த எடுகோளும் அதற்கு இடம் தரவில்லை. 1882-இல் மோரிட்சு பாசு இத்தகைய மறைவான கருதல்களை வெளிக்கொணர்ந்தார். 1899-இல் டேவிட் ஹில்பெர்ட் வடிவியலுக்கு முழுமையான அடிகோள் தொகுதி ஒன்றை வெளியிட்டார். புள்ளி, கோடு, தளம் என்பவற்றுக்குப் பதிலாக மேசை, நாற்காலி, பீர்க்குவளை என்று வைத்தாலும் நிறுவல்கள் நிற்க வேண்டும் என்று அவர் கூறியதாகச் சொல்லப்படுகிறது. படத்தின் உதவி கற்பவருக்கு வேண்டும். நிறுவலுக்கு வேண்டாம் என்பது இதன் பொருள்.

முறைசார் நிறுவல்

கணித ஏரணத்தில் நிறுவல் என்பதே ஒரு கணிதப் பொருளாகக் கருதப்படுகிறது. அதற்குக் குறியீட்டு மொழி ஒன்றும், அடிகோள்களும், உய்த்தறி விதிகளும் வேண்டும். மிக எளிய எடுத்துக்காட்டாகக் கூற்று ஏரணத்தைக் கொள்வோம். "க → ச" என்பதை "க எனில் ச" என்று படிக்கவும். போலந்தைச் சேர்ந்த லுகாசியேவிச்சின் அமைப்பில் மூன்று அடிகோள் வடிவங்கள் உள்ளன. அவற்றுள் இரண்டு இங்கே போதும்:

அடிகோள் 1: க → (ச → க)
அடிகோள் 2: (க → (ச → த)) → ((க → ச) → (க → த))

எதிர்மறையைப் பற்றிய மூன்றாவது அடிகோள் நமக்கு இப்போது தேவைப்படாது. க, ச, த ஆகியவற்றின் இடத்தில் எந்தக் கூற்றையும் வைக்கலாம். உய்த்தறி விதி ஒன்றே ஒன்று: "க" என்பதும் "க → ச" என்பதும் கிடைத்திருந்தால் "ச" என்று எழுதலாம். இது பிரிப்பு விதி எனப்படும்.

இவற்றைக் கொண்டு "க → க" என்ற கூற்றை நிறுவுவோம்.

படி 1: (க → ((க → க) → க)) → ((க → (க → க)) → (க → க)). இது அடிகோள் 2. ச-வின் இடத்தில் (க → க), த-வின் இடத்தில் க.
படி 2: க → ((க → க) → க). இது அடிகோள் 1. ச-வின் இடத்தில் (க → க).
படி 3: (க → (க → க)) → (க → க). படி 2, படி 1 ஆகியவற்றிலிருந்து பிரிப்பு விதியால்.
படி 4: க → (க → க). இது அடிகோள் 1; ச-வின் இடத்தில் க.
படி 5: க → க. படி 4, படி 3 ஆகியவற்றிலிருந்து பிரிப்பு விதியால்.

"மழை பெய்தால் மழை பெய்யும்" என்பதற்கு ஐந்து படிகளா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது வேறு. மேலே உள்ள ஐந்து வரிகளைச் சரிபார்ப்பதற்கு "எனில்" என்பதன் பொருள்கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வடிவங்களை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். நிரல் எழுதப் பழகியோர் ஒரு மணி நேரத்தில் இதற்குச் சரிபார்ப்பு நிரல் எழுதிவிடலாம். நிறுவலைக் கண்டுபிடிப்பதோ வேறு வேலை. முதற்படியில் ச-வுக்குப் பதிலாக (க → க) என்பதை வைக்க வேண்டும் என்பது எந்த விதியிலும் எழுதப்படவில்லை. இவ்விரு வேலைகளுக்கும் உள்ள இடைவெளி 1936-இல் துல்லியமாக நிறுவப்பட்டது. கொடுத்த கூற்றுக்கு நிறுவல் உண்டா இல்லையா என்று எப்போதும் தீர்ப்பளிக்கும் பொதுப் படிமுறை முதல்தர ஏரணத்துக்கு இல்லை என்று அலான்சோ சர்ச்சும் ஆலன் டூரிங்கும் தனித்தனியே காட்டினர். கணினி என்ற கருத்தின் கணித வரையறை டூரிங்கின் அந்தக் கட்டுரையிலேயே தோன்றியது.

நிறுவ முடியாமையை நிறுவுதல்

ஒரு கூற்றுக்கு நிறுவல் உண்டு என்று காட்ட நிறுவலை எழுதினால் போதும். இல்லை என்று காட்டுவது எப்படி? எண்ணிறந்த நிறுவல்களை ஒவ்வொன்றாகச் சோதித்து முடிக்க இயலாது. பெல்ட்ராமி காட்டிய வழியே இங்கு உதவுகிறது: அடிகோள்கள் அனைத்தும் பொருந்தி, அந்தக் கூற்று மட்டும் பொருந்தாத ஒரு மாதிரியை அமைத்தல். உய்த்தறி விதிகள் உண்மையிலிருந்து உண்மைக்கே கொண்டுசெல்லும் என்பதால், அந்த மாதிரியில் பொய்யாகும் கூற்று எதையும் அவ்வடிகோள்களிலிருந்து அடைய முடியாது.

குலக் கோட்பாட்டில் இதைச் சுருக்கமாகக் காணலாம். குலத்தின் அடிகோள்கள் மூன்று: சேர்ப்புப் பண்பு, சமனி உறுப்பு உண்டு, ஒவ்வோர் உறுப்புக்கும் நேர்மாறு உண்டு. இவற்றிலிருந்து பரிமாற்றுப் பண்பை நிறுவ முடியுமா? கூட்டலின் கீழ் முழு எண்கள் குலமாக அமைகின்றன. அங்கே பரிமாற்றுப் பண்பு உண்டு. சமபக்க முக்கோண அட்டை ஒன்றை அதே இடத்தில் பொருந்துமாறு வைக்கும் ஆறு வழிகளும் குலமாக அமைகின்றன. அங்கே சுழற்றிவிட்டுப் புரட்டுவதும் புரட்டிவிட்டுச் சுழற்றுவதும் ஒன்றல்ல. எனவே மூன்று அடிகோள்களிலிருந்து பரிமாற்றுப் பண்பை நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. இத்தகைய கூற்று அவ்வடிகோள்களிலிருந்து சார்பற்றது எனப்படும். ஓர் அட்டைத்துண்டைக் கொண்டு எண்ணிறந்த நிறுவல் முயற்சிகளை ஒரே நொடியில் ஒதுக்கிவிடுகிறோம்.

இவ்வழி எப்போதும் பயன் தரும் என்பதை 1929-இல் வியன்னாவில் தம் முனைவர் பட்ட ஆய்வில் குர்ட் கோடெல் நிறுவினார். முதல்தர ஏரணத்தில், அடிகோள்கள் பொருந்தும் எல்லா மாதிரிகளிலும் உண்மையாகும் கூற்றுக்குக் கட்டாயம் நிறுவல் உண்டு. அதாவது, நிறுவல் இல்லையெனில் எங்கோ ஒரு மறுப்பு மாதிரி இருந்தே தீரும். இது முழுமைத் தேற்றம் எனப்படும். இதே கோடெலின் முழுமையின்மைத் தேற்றம் பெரும் புகழ் பெற்றுவிட்டதால் இது பலர் கண்ணில் படுவதில்லை.

கணக் கோட்பாட்டின் அடிகோள்கள்

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், கணிதம் முழுவதையும் ஏரணத்தின் மீது கட்டிவிட கோட்லோப் ஃபிரெகெ முயன்றார். எந்தப் பண்பைச் சொன்னாலும் அப்பண்புடையவை எல்லாம் சேர்ந்து ஒரு கணமாகும் என்ற கருத்து அவருடைய அடிகோள்களிலிருந்து கிடைத்தது. இதைவிட வெளிப்படையான உண்மை இருக்க முடியாது என்றே தோன்றும். 1902 சூனில் பெர்ட்ரண்டு ரசல் அவருக்குக் கடிதம் எழுதினார். தன்னைத் தன் உறுப்பாகக் கொள்ளாத கணங்கள் எல்லாம் சேர்ந்த கணத்தை எடுத்துக்கொள்க. அது தன் உறுப்பா? ஆம் என்றால் இல்லை. இல்லை என்றால் ஆம். ஃபிரெகெயின் இரண்டாம் தொகுதி அப்போது அச்சில் இருந்தது. முரண்பாட்டை மறைக்காமல் ஒரு பின்னிணைப்பில் எழுதி 1903-இல் அதை வெளியிட்டார். முரண்பாடு ஒன்று உள்ளே வந்துவிட்டால் அந்த அமைப்பில் எந்தக் கூற்றையும் நிறுவிவிடலாம். அதன் பின் நிறுவல் என்பதற்கே மதிப்பில்லை.

1908-இல் எர்ன்சுட்டு செர்மெலோ கணங்களுக்குக் கட்டுப்பாடான அடிகோள்களை வகுத்தார். பின்னர் ஃபிராங்கெல், சுகோலெம் ஆகியோரின் திருத்தங்களுடன் அது செர்மெலோ-ஃபிராங்கெல் அமைப்பு என வழங்குகிறது. இன்றைய கணிதத்தின் பெரும்பகுதியை இதன் மீது அமைக்கலாம்.

அவற்றுள் தேர்வு அடிகோளே பெரும் வாதத்துக்கு உள்ளானது. வெறுமையல்லாத கணங்களின் எந்தத் தொகுப்பிலிருந்தும், ஒவ்வொரு கணத்துக்கும் ஓர் உறுப்பைத் தேர்ந்தெடுக்க முடியும் என்பது இதன் சாரம். ரசல் இதற்குத் தந்த விளக்கம் இன்றும் வகுப்பறைகளில் வழங்குகிறது. முடிவிலி எண்ணிக்கையிலான சோடிக் காலணிகளிலிருந்து ஒவ்வொன்றை எடுக்க "இடது காலணி" என்ற விதி போதும். காலுறைகளில் இடது வலது இல்லையாதலால் விதி சொல்ல முடியாது, அங்கே இவ்வடிகோள் வேண்டும். பொரெல், பேர், லெபேக் ஆகிய பிரான்சிய அறிஞர்கள் 1905-இல் இதை எதிர்த்தனர். அவர்களுடைய ஆய்வுகளிலேயே இவ்வடிகோளின் எளிய வடிவங்கள் சொல்லப்படாமல் பயன்பட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. 1924-இல் பனாக்கும் தார்சுகியும், இவ்வடிகோளை ஏற்றால் ஒரு திண்ம உருண்டையை முடிவுறு எண்ணிக்கையிலான துண்டுகளாக்கி அதே அளவுள்ள இரு உருண்டைகளாகச் சேர்க்கலாம் என்று காட்டினர். அடிகோள் தவறு என்று சிலரும், கன அளவு பற்றிய நம் எண்ணமே தவறு என்று சிலரும் இதிலிருந்து முடிவுகட்டினர்.

1938-இல் கோடெல், மற்ற அடிகோள்கள் முரணற்றவையெனில் தேர்வு அடிகோளைச் சேர்ப்பதாலும் முரண்பாடு வராது என்று காட்டினார். கேண்டரின் தொடரகக் கருதுகோளுக்கும் அவ்வாறே காட்டினார். இக்கருதுகோள், இயல் எண்களின் எண்ணிக்கைக்கும் மெய்யெண்களின் எண்ணிக்கைக்கும் இடைப்பட்ட முடிவிலி எதுவும் இல்லை என்பதாகும். ஹில்பெர்ட் 1900-இல் அறிவித்த கணக்குகளுள் முதலாவது இதுவே. 1963-இல் பால் கோயன் மறுபக்கத்தையும் காட்டினார்: இவற்றை மறுப்பதாலும் முரண்பாடு வராது. ஆக, தொடரகக் கருதுகோள் வழக்கமான கண அடிகோள்களிலிருந்து சார்பற்றது. அது உண்மையில் உண்மையா என்று கேட்பதற்குப் பொருள் உண்டா என்பதில் ஏரணவியலாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

முழுமையின்மைத் தேற்றங்கள்

வடிவியலின் முரணின்மையை எண்கணிதத்தின் முரணின்மைக்குக் கொண்டுசெல்லலாம் என்று ஹில்பெர்ட் காட்டியிருந்தார். எண்கணிதத்தின் முரணின்மையை எதனிடம் கொண்டுசெல்வது? நிறுவல்கள் வெறும் குறியீட்டு வரிசைகளே ஆதலால், எவரும் ஐயுறாத எளிய எண்ணுதல் முறைகளைக் கொண்டே அதை நிறுவிவிடலாம் என்று அவர் 1920-களில் திட்டமிட்டார். 1930 செப்டம்பரில் கோனிக்சுபெர்க் நகரில், தீர்க்க முடியாத கணக்கு என ஒன்று இல்லை என்ற பொருளில் அவர் புகழ்பெற்ற உரையை ஆற்றினார். அதற்கு முந்தைய நாள், அதே நகரில் நடந்த வேறொரு கருத்தரங்கில், 24 வயதான கோடெல் தம் முடிவைச் சுருக்கமாக அறிவித்துவிட்டிருந்தார். அது 1931-இல் வெளியானது.

கோடெலின் உத்தி, கூற்றுகளுக்கும் நிறுவல்களுக்கும் எண்களை இடுவதாகும். எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் கணினிக் காலத்தில் இது இயல்பாகத் தோன்றும், 1931-இல் அவ்வாறன்று. இவ்வெண்களின் வழியாக, "இக்கூற்றுக்கு இவ்வமைப்பில் நிறுவல் இல்லை" என்ற பொருள் தரும் கூற்று ஒன்றை எண்கணித மொழியிலேயே அவர் அமைத்தார். அதற்கு நிறுவல் இருந்தால், நிறுவல் இருப்பதையும் அமைப்பே சரிபார்த்துக் கூறிவிடும்; அப்போது கூற்றும் அதன் மறுப்பும் நிறுவப்பட்டு முரண்பாடு வரும். எனவே அமைப்பு முரணற்றதெனில் அக்கூற்றுக்கு நிறுவல் இல்லை. அக்கூற்று சொல்வதும் அதையேதான். ஆகவே அது உண்மை. மறுப்பையும் நிறுவ முடியாது என்பதற்குக் கோடெல் சற்று வலுவான கருதலைப் பயன்படுத்தினார்; 1936-இல் ரோசர் கூற்றை மாற்றியமைத்து முரணின்மை மட்டுமே போதும் என்று காட்டினார். அக்கூற்றைப் புதிய அடிகோளாகச் சேர்த்துக்கொள்வதால் சிக்கல் தீராது. விரிந்த அமைப்புக்கு வேறொரு கூற்று முளைக்கும். இரண்டாம் தேற்றத்தின்படி, இத்தகைய அமைப்பு தன் முரணின்மையைத் தானே நிறுவவும் இயலாது.

இத்தேற்றங்களைப் பற்றிப் பொது நூல்களில் மிகையான கூற்றுகள் உலவுகின்றன. கணிதம் நம்பத்தகாதது என்று கோடெல் காட்டவில்லை. எல்லா அடிகோள் அமைப்புகளும் முழுமையற்றவை என்றும் அவர் காட்டவில்லை. இயல் எண்களின் கூட்டலை மட்டும் கொண்ட அமைப்பு முழுமையானது என்று பிரெசுபர்கர் 1929-இல் நிறுவினார். தொடக்கநிலை வடிவியலுக்கு தார்சுகி அவ்வாறே காட்டினார். அடிகோள்களைப் படிமுறையால் பட்டியலிட முடிய வேண்டும், கூட்டலும் பெருக்கலும் உள்ளடங்க வேண்டும் என்னும் நிபந்தனைகள் இன்றியமையாதவை. 1936-இல் கெர்கார்டு கென்ட்சன், வேறு வகையில் வலுவான தொகுத்தறிதல் முறை ஒன்றைக் கொண்டு எண்கணிதத்தின் முரணின்மையை நிறுவவும் செய்தார்.

கோடெலின் கூற்று செயற்கையானது, நடைமுறைக் கணிதத்தில் இது நேராது என்று சிலர் ஆறுதல் கொண்டனர். குட்சுடைன் தொடர்கள் இதற்கு நல்ல மறுமொழி. ஓர் எண்ணை 2-இன் அடுக்குகளாக, அடுக்குகளையும் அவ்வாறே பிரித்து எழுதுக. பின் 2 வரும் இடமெல்லாம் 3 இட்டு, 1-ஐக் கழிக்க. அடுத்து 3-ஐ 4 ஆக்கி 1-ஐக் கழிக்க, இவ்வாறே தொடர்க. 3-இல் தொடங்கினால் 3, 3, 3, 2, 1, 0 என முடிந்துவிடும். 4-இல் தொடங்கினால் 4, 26, 41, 60, 83, 109 என ஏறிக்கொண்டே போகும். ஆயினும் எந்த எண்ணில் தொடங்கினாலும் தொடர் இறுதியில் சுழியை அடையும் என்று 1944-இல் குட்சுடைன் நிறுவினார். 4-இல் தொடங்கும் தொடர் முடிவதற்கு ஆகும் படிகளின் எண்ணிக்கையே 12 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்டது. பள்ளி மாணவர்க்கும் விளங்கும் இக்கூற்றை, பியானோவின் எண்கணித அடிகோள்களைக் கொண்டு நிறுவ முடியாது என்று 1982-இல் கிர்பியும் பாரிசும் காட்டினர். குட்சுடைனின் நிறுவல் முடிவிலி வரிசையெண்களைப் பயன்படுத்தியது தற்செயலன்று. முடிவுறு எண்களைப் பற்றிய உண்மை ஒன்றை அடைய, இயல் எண்களுக்கு அப்பாற்பட்ட கருவிகள் வேண்டியிருக்கின்றன.

நடைமுறையில் நிறுவல்

ஆய்விதழ்களில் வெளியாகும் நிறுவல்கள் மேலே கண்ட ஐந்து வரிகளைப் போல எழுதப்படுவதில்லை. அவ்வாறு எழுதினால் எவரும் படிக்க முடியாது. வைட்ஹெட்டும் ரசலும் 1910 முதல் 1913 வரை வெளியிட்ட பிரின்சிபியா மாத்தமாட்டிக்காவில், 1 + 1 = 2 என்பதற்கான அடித்தளம் அமையவே முந்நூறு பக்கங்களுக்கு மேல் ஆயிற்று. பெரும்பாலான நிறுவல்கள், விரும்பினால் முறைசார் வடிவில் எழுதிவிடலாம் என்று அறிந்தோரை நம்பச் செய்யும் விளக்கங்களே. இந்நம்பிக்கை சில வேளைகளில் பொய்க்கும். நான்கு நிறத் தேற்றத்துக்கு 1879-இல் கெம்ப்பு தந்த நிறுவல் 11 ஆண்டுகள் ஏற்கப்பட்டிருந்தது. 1890-இல் ஹீவுட் அதில் ஓட்டையைக் கண்டார். 1976-இல் அப்பெல், ஹேக்கன் ஆகியோர் கணினியின் துணையுடன் அதை நிறுவியபோது, மனிதர் எவரும் முழுமையாகப் படித்துச் சரிபார்க்க இயலாத ஒன்றை நிறுவல் எனலாமா என்ற வாதம் எழுந்தது.

கெப்ளர் கருதுகோளில் இவ்வாதம் முற்றியது. ஒரே அளவுள்ள உருண்டைகளை அடுக்கும் வழிகளுள், பழக்கடைகளில் குவித்து வைக்கும் முறையைவிட நெருக்கமானது இல்லை என்பது இக்கருதுகோள். 1998-இல் தாமசு ஹேல்சு அளித்த நிறுவலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த நடுவர் குழு, 99 விழுக்காடு உறுதி என்று மட்டுமே கூற முடிந்தது. இது ஹேல்சுக்கு நிறைவளிக்கவில்லை. ஒரு குழுவைத் திரட்டி, நிறுவல் முழுவதையும் அடிகோள்கள் வரை இறக்கிக் கணினியால் சரிபார்க்கும் பணியை 2003-இல் தொடங்கி 2014 ஆகத்தில் முடித்தார். நான்கு நிறத் தேற்றத்துக்கு இதே பணியைச் சார்சு கோந்தியே 2005 அளவில் முடித்திருந்தார்.

இத்தகைய நிறுவல் சரிபார்ப்பு மென்பொருள்களின் முன்னோடி, 1967-இல் நெதர்லாந்தில் டி புரூயின் தொடங்கிய ஆட்டோமேத் ஆகும். இவை பொதுவாக ஒரு சிறிய உட்கருவைக் கொண்டிருக்கும்; மற்ற பகுதிகளில் வழு இருந்தாலும், உட்கரு ஏற்காத படி எதுவும் நிறுவலில் இடம்பெறாது. நிறுவலைத் தேடும் பகுதி எவ்வளவு சிக்கலாயினும் சரிபார்க்கும் பகுதி எளியதாகவே இருக்கலாம் என்பது ஐந்து வரி நிறுவலில் நாம் கண்ட அதே வேறுபாடு. 2013-இல் தொடங்கப்பட்ட லீன் என்ற மென்பொருளில், எந்தத் தேற்றத்தைக் கொடுத்தாலும் அதன் நிறுவல் எந்தெந்த அடிகோள்களைச் சார்ந்துள்ளது என்று பட்டியலிடும் கட்டளை உள்ளது. அதன் கணித நூலகத்தில் உள்ள ஒரு தேற்றத்துக்கு அக்கட்டளையை இட்டால், திரையில் வரும் சிறு பட்டியலில் பெரும்பாலும் தேர்வு அடிகோளும் இருக்கும்.